நாலாம் படுக்கையின் கைநாட்டு

காலை எட்டு மணிக்கு வேங்கிக்காலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, நர்ஸ் நந்தினி ஐ.சி.யூ.வுக்குள் நுழைந்தாள். நாலாம் படுக்கையில் புதிதாக ஒரு பெண். பெயர் பூஜா, கல்லூரி மாணவி. ஃப்ளூ காய்ச்சல் முற்றி, வாயில் குழாயோடு வென்டிலேட்டரில் கிடந்தாள்.

அதே படுக்கையில்தான் போன வாரம் ஆதிமூலம் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் ஃப்ளூதான். அது தணிந்துவிட்டது, ஆனால் குழாயை ஒட்டி வாயிலிருந்து இறங்கிய கிருமி நிமோனியாவாகி ஆளை முடித்தது. குழாய் போடுமுன் சம்மதத் தாளில் கைநாட்டு வைத்த நீல மை கடைசிவரை அவர் கட்டைவிரலில் இருந்தது. அந்த விரலால் வாயைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

வாயைத் துடைத்துவிடக் கேட்கிறார் என்று நந்தினிக்குப் புரிந்தது. "இதோ வரேன்பா" என்றாள். போகவில்லை. துடைக்கப் பத்து நிமிடம். துடைத்ததாகக் கவனிப்புத் தாளில் டிக் அடிக்க ஒரு நொடி. இரண்டு நாள் டிக் மட்டுமே அடித்தாள். யாருக்கும் தெரியாது.

இன்றும் வேலை தலைக்கு மேல். பழக்க தோஷம், பூஜாவின் தாளில் எட்டு மணிக் கட்டத்தோடு பன்னிரண்டு மணிக் கட்டத்துக்கும் சேர்த்தே டிக் அடித்தாள்.

களகளவென்று ஒரு சத்தம்.

குழாயில் சளி புரளும் சத்தம். குனிந்து பார்த்தாள். பூஜாவின் குழாய் சுத்தமாக இருந்தது.

சத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினாள். யாருமில்லை. மருந்து நெடியை மீறி, பல நாள் கழுவாத வாயின் வீச்சம். தாளில் அவள் போட்ட இரண்டு டிக்கின் மேலும் நீல மையில் கட்டைவிரல் ரேகை.

"விட்டுடுங்கப்பா..." என்று முனகினாள்.

மருந்தில் பஞ்சை நனைத்துப் பூஜாவின் பல், ஈறு, நாக்கு எல்லாம் துடைத்தாள். தலைமாட்டை உயர்த்தினாள். சத்தம் நின்றது. அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

இரண்டு மணிக்கு ஹெட் சிஸ்டர் ஆதிமூலத்தின் ஃபைலோடு வந்தார்.

"நிமோனியா எப்டி வந்துச்சுனு மேலிடத்துல கேக்குறாங்கம்மா. அவருக்கு வாய் க்ளீன் பண்ணது நெஜந்தானா? விட்டுப்போயிருந்தா இப்பவே சொல்லிடு. காரணம் தெரிஞ்சா இந்தப் பொண்ணையாவது காப்பாத்தலாம்."

நந்தினி பூஜாவைப் பார்த்தாள். தன் வேலையை நினைத்தாள்.

"ஒரு வேளைகூட விடல சிஸ்டர்."

வெளியே வந்து, காலையிலிருந்து அவிழ்க்காத மாஸ்க்கைக் கழற்றினாள்.

உள்பக்கம், உதடு படும் இடத்தில், நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

ஈரம் காயவில்லை.