நாலு பாதம்

"அந்த டிக்கெட்டைக் கீழ வை, டெல்ரோஸ்!"

அடுப்புத் தீயில் சீமைப்பலாவைப் புரட்டிக்கொண்டே மாமியார் ஐவி சொன்னாள். மேசைமேல் இரண்டு டிக்கெட்டுகள்தான் இருந்தன. பள்ளிகளுக்கான ஓட்டப் போட்டியின் கடைசி நாள். கிங்ஸ்டன் முழுவதும் கொடியும் ஊதலுமாக ஸ்டேடியத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"ரோஷெல் என் பொண்ணு அத்தை... அவ ஓடறதை நான் பார்க்க வேண்டாமா?"

"நீ போய் உக்காந்தா சனம் என்ன சொல்லும்? 'பேட்டனைக் கையிலயே வச்சுக்கிட்டு நின்னாளே, அவ மகதான் இது'ன்னு சொல்லும். பிள்ளைக்குக் கால் நடுங்காதா? நானும் கெரீனும் போறோம்."

டெல்ரோஸ் டிக்கெட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கணவன் எரல் கனடாவில் தோட்ட வேலையில் இருந்தான். இங்கே இருந்திருந்தாலும் தன் தாயை எதிர்த்துப் பேசியிருக்க மாட்டான்.

பதினான்கு வருடங்கள் நாட்டுக்காக ஓடியவள் அவள். பிள்ளை பெற்ற எட்டாம் மாதம் பயிற்சிக்குத் திரும்பி, மறு வருடமே நூறு மீட்டரைப் பதினோரு விநாடிக்குள் ஓடினாள். ஆனால் ஊர் நினைவில் வைத்திருந்தது அவளுடைய கடைசி ஓட்டத்தை மட்டும்தான். உலகப் போட்டியின் தொடர் ஓட்டம். மூன்றாவதாக ஓடியவள் அவள். நான்காவது, அவள் நாத்தனார் கெரீன். அவள் கொடுக்க வேண்டிய பேட்டன் குச்சி கைமாறவே இல்லை. "என் கால் சோர்ந்துடுச்சு. நான்தான் தாமதமா வந்தேன்" என்று டெல்ரோஸ் கேமராக்களுக்கு முன்னால் சொன்னாள். அதன்பிறகு அவள் ஓடவில்லை. கெரீன் ஓடினாள், இரண்டு தங்கம் வென்றாள்.

வாசலில் ரோஷெல் ஒத்திகையாகப் பாதத்தோடு பாதம் ஒட்டி வைத்து அளந்துகொண்டிருந்தாள். இன்றைய தொடர் ஓட்டத்தில் கடைசியாக ஓடப்போகிறவள் அவள். தான் நிற்கும் இடத்திலிருந்து இருபத்திநாலு பாதம் பின்னால் ஒரு டேப் ஒட்ட வேண்டும். பின்னால் வருகிறவள் அதை மிதித்ததும் இவள் திரும்பிப் பார்க்காமல் பாய வேண்டும். காரில் சாய்ந்து நின்று கெரீன் வேடிக்கை பார்த்தாள்.

"ரோஷெல்! கஞ்சி ஆறுதுடி!" உள்ளிருந்து ஐவி கத்தினாள்.

"வர்றேன் பாட்டி!" பெண் மேலும் சில அடிகள் வைத்து டேப்பை ஒட்டினாள்.

டெல்ரோஸ் டேப்பருகே வந்து குனிந்தாள்.

"மறுபடி எண்ணு கண்ணு. கூப்பிட்டதுல எண்ணிக்கை போயிடுச்சு. நாலு பாதம் கூட வச்சிருக்கே. நாலு போதும்... நீ முன்னாடியே பாஞ்சிடுவே. பின்னால வர்றவ உயிரைக் கொடுத்து ஓடினாலும் உன்னைப் பிடிக்க முடியாது. பார்க்கறவங்களுக்கு அவதான் தாமதமா வந்த மாதிரி இருக்கும்."

கெரீன் நிமிர்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி... அன்னைக்கு நான் அளக்கறப்போ ஒலிபெருக்கில என் பேரைச் சொன்னாங்க. நான் கை தூக்கிக் காட்டினேன்..."

"விடு கெரீன்."

"ஓட்டம் முடிஞ்சதும் என் டேப்பை உரிச்சது நீங்கதானே? அளந்தீங்களா?"

டெல்ரோஸ் தரையைப் பார்த்தாள்.

"இருபத்திநாலுக்கு இருபத்தெட்டு இருந்துச்சு."

"ஐயோ! ஏன் அண்ணி சொல்லல?"

"உனக்குப் பத்தொன்பது வயசு. நான் ஓடி முடிச்சவ, எனக்கு அடி தாங்கும். நாடே உன்னைத் திட்டியிருந்தா, நீ மறுபடி ஸ்பைக்ஸ் ஷூ மாட்டியிருப்பியா?"

கெரீன் ஓடி வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "என் தங்கம் ரெண்டும் உங்களுது அண்ணி!"

"போடி, ஓடினது நீ" என்றாள் டெல்ரோஸ். பதினோரு வருடமாக நெஞ்சில் இறுகியிருந்தது மெல்ல இளகுவதை உணர்ந்தாள்.

கதவருகே ஐவி கரண்டியோடு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"பதினோரு வருஷம்... என் வாயை அடைக்க ஒரு வார்த்தை போதுமேடி, பாவி மகளே!"

"அந்த வார்த்தை உங்க மக மேல விழுமே, அத்தை."

ஐவி கரண்டியைக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் தன் டிக்கெட்டை எடுத்துவந்து மருமகளின் கையில் திணித்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். "கெரீன் பக்கத்துல உக்காரு. யாராவது ஏதாவது சொன்னா, இன்னைக்கு ராத்திரி அவங்க வீட்டு வாசல்ல நான் நிப்பேன்!"

ரோஷெல் டேப்பை உரித்துவிட்டு மறுபடி அளக்க ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... அடுப்பில் சீமைப்பலா கருகும் வாசம் வந்தது.

இருபத்திநாலு வரும்வரை ஐவி வாயைத் திறக்கவில்லை.