கடைசிப் படகின் சாட்சி

திங்கட்கிழமைதோறும் பத்தரை மணிக்கு ரெஜினாள் டீச்சர் சாட்சி சொல்லப் பள்ளிக்கூடம் போவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும், கஞ்சி போட்ட பருத்திச் சேலைக்கு அவர் ஓய்வு கொடுக்கவில்லை. எழுபத்தொரு வயது. கரிசல் வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அவர் கூனி நடந்து புதுமேட்டில் யாரும் பார்த்ததில்லை. தேநீர்க்கடையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அவர் தலையை ஒருமுறை அசைப்பார். கஸ்பார் ஐயாவின் மகள் அதற்கு மேல் இறங்கி வர வேண்டியதில்லை என்பது அவர் எண்ணம். ஊரின் எண்ணமும் அதுதான்.

ஒன்பதாம் வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். சுவர் முழுக்க உயிரேடு விரிந்திருந்தது. பாடப்புத்தகம் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அதில் சில வரிகள் மை போலக் கறுத்திருக்கும். சில வரிகள் புகை நிறத்தில் வெளிறிக் கிடக்கும். வெளிறியவற்றைக் கறுக்க வைப்பதுதான் சாட்சி மணி என்ற இந்த வகுப்பு நேரத்தின் வேலை.

அன்றைக்கு முதலில் எழுந்தவன் ஒரு குட்டைப் பையன். "டீச்சர், 'மணல்மேட்டுப் பட்டணம் கடலுக்குள் போன அன்றும் கோயில் மணியை உபதேசியார் நின்று அடித்தார்'னு ஒரு வரி இருக்கு. மணிச் சத்தம் கேட்டதா ரெண்டு சாட்சிதான் இருக்கு."

"உபதேசியாரு அடிக்கல. அவரு அதுக்கு முந்தின நாளே போய்ட்டாரு. மணி காத்துல அடிச்சது. காத்துலன்னு திருத்து, அப்புறம் கை வைக்கேன்."

பையன் திருத்தினான். டீச்சர் எழுந்து மேசை மேல் இருந்த நாடித்தகட்டில் உள்ளங்கையை வைத்து, "நான் இருந்தேன், நான் கேட்டேன்" என்றார். வரி கறுத்தது. உபதேசியாரின் பேரனுக்குப் பேரன் அந்த வகுப்பில்தான் இருந்தான். அவன் முகம் சுண்டிப்போனது. டீச்சர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எவர் வீட்டுப் பெருமைக்கும் வளைந்து கொடுக்காதவர் என்பதால்தான் அவர் கைக்கு அந்த மதிப்பு.

கைக்கு மதிப்பு வந்தது பொய்ப்பெருக்குக் காலத்துக்குப் பிறகு. எந்தப் படத்தையும், எந்தக் குரலையும், நூறு ஆண்டுப் பழைய கையெழுத்தையும் கறையான் அரித்த ஓட்டையோடு ஒரு நொடியில் இயந்திர மூளைகள் செய்து தர ஆரம்பித்தன. ஒவ்வொரு கூட்டமும் தனக்கொரு வரலாற்றைச் செய்துகொண்டது. நீதிமன்றங்கள் திணறின, பள்ளிகள் திணறின. கடைசியில் வந்தது வாய்ச்சாட்சிச் சட்டம். காகிதம் செல்லாது, படம் செல்லாது. கண்ணால் கண்ட உயிருள்ள மனிதரே ஊரார் முன்னால் நின்று சொல்ல வேண்டும். மூன்று பேர் சொன்னால் வரி கறுக்கும். சாட்சி இறந்தாலும் அவர் சொன்னது நிற்கும். நாடித்தகடு உயிருள்ள கையா, யாருடைய கை என்று மட்டும் பார்க்கும். சொல்வது உண்மையா என்று அது பார்ப்பதில்லை. அது மனிதரின் பொறுப்பு.

ஒவ்வொரு ஊர்ப் பள்ளியிலும் அந்த ஊரின் எழுத்தாளர் ஒருவர், வரலாற்றாசிரியர் ஒருவர், சங்கம் ஒன்று பாடமாக இருக்கும். புதுமேட்டில் மூன்றுக்கும் ஒரே வீடு. கடல் ஏறியபோது மணல்மேட்டுப் பட்டணத்து மக்களைக் கரையோர மக்கள் சங்கம்தான் மூன்று நாள் படகு விட்டு இந்தக் கரிசல் மேட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் தலைவர் கஸ்பார். அந்த மூன்று நாள் கதையை எழுதியவரும் அவரே. அவர் இறந்த பின் அந்த நூலைப் பள்ளிப் பதிப்பாக உயிரேட்டில் ஏற்றியவர், அப்போது தமிழாசிரியையாக இருந்த அவர் மகள்.

"அடுத்தது ஜெசிந்தா" என்றார் அமலதாஸ். அவர் வரலாற்று ஆசிரியர். ரெஜினாள் டீச்சரிடமே படித்தவர். குரலில் ஒரு தயக்கம் இருந்தது.

ஒல்லியான பெண் ஒருத்தி எழுந்தாள். சுவரில் இரண்டு வெளிறிய வரிகள் பெரிதாயின.

'எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசிப் படகில் கடைசியாக ஏறியவர் சங்கத் தலைவர் கஸ்பார்.'

'கடைசிப் படகில் கடைசியாக ஏறியவர் சங்கத்துச் சமையற்கட்டு மிக்கேலம்மாள்.'

முதல் வரி நூலில் இருந்தது. அதற்குச் சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் கை வைத்திருந்தார்கள். இரண்டாவது வரி மிக்கேலம்மாள் வீட்டார் கொடுத்தது. அதற்கு அவளோடு சமைத்த பெண்கள் இரண்டு பேர். நாலு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. அந்தப் படகுகளைக் கண்ணால் கண்டவர்களில் இன்று உயிரோடு இருப்பது ரெஜினாள் ஒருவர்தான். முப்பது ஆண்டுக்குள் கறுக்காத வரி உயிரேட்டிலிருந்து உதிர்ந்துவிடும் என்பது விதி. இந்த மாதத்தோடு முப்பது ஆண்டு முடிகிறது.

இத்தனை காலமும் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில் சொல்லி வந்தார்: "மகளே அப்பாவுக்குச் சாட்சி சொல்றது அழகில்ல." ஊர் அதைக் கேட்டு உருகியது. அந்தப் பதிலால் அவர் மதிப்பு இன்னும் ஒரு முழம் உயர்ந்தது. போன வாரம்தான் சங்கத்தார் வீட்டுக்கு வந்து, "இனியும் நீங்க பேசலைன்னா ஐயா பேரே பாடத்துல இருந்து போயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஜெசிந்தா கேட்டாள். "டீச்சர், மிக்கேலம்மா எனக்குப் பூட்டி. அவங்க தட்டக் கணக்கு வச்சுத்தான் ஆளை எண்ணுவாங்களாம். சாப்பிடாத தட்டு இருந்தா ஊருக்குள்ள இன்னும் ஆளு இருக்குன்னு அர்த்தமாம். கடைசித் தட்டு கழுவுற வரைக்கும் ஏறமாட்டேன்னு நின்னாங்களாம். எங்கப்பா சொல்லுவாங்க. அது நெசமா?"

பின்வரிசையில் ஒரு பெண், "ஏட்டி, உங்க வீட்டுல எல்லாத்துக்கும் சோத்துப்பானைதான் சாட்சி" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சிரிக்காதிய" என்றார் அமலதாஸ். பிறகு குனிந்து, "டீச்சர், இன்னைக்காவது சொல்லிருங்க. இன்னும் ஒரு கைதான் வேணும்" என்றார்.

ரெஜினாளுக்குத் தெரியும். அந்த நாளை அவர் மறந்ததே இல்லை. பதினோரு வயது. உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்பா சங்கத்து வேலையை அப்படியே போட்டுவிட்டு, அவளைத் தன் சட்டையால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, முதல் படகில் ஏறினார். "தலைவரே, நீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். அப்பா அவளை இன்னும் இறுக்கிக்கொண்டார். படகுகள் வந்து ஒதுங்கும் மேட்டுச் சாலையில் தகரக் கொட்டகை ஒன்று. அதில் மூன்று நாளும் கோணிச்சாக்கில் கிடந்தபடி வந்த ஒவ்வொரு படகையும் அவள் பார்த்தாள். மூன்றாம் நாள் அந்தியில் வந்த கடைசிப் படகில் துடுப்புப் போடுகிறவனைத் தவிர ஒரே ஒருத்திதான் இருந்தாள். மடியில் கவிழ்த்து அடுக்கிய தட்டுகள். மிக்கேலம்மாள்.

அப்பா அதை மறைக்கவும் இல்லை. தன் கைப்பட எழுதி வைத்திருந்தார்: 'என் மகளுக்குக் காய்ச்சல். நான் முதல் படகில் போய்விட்டேன். கடைசிவரை நின்றவள் மிக்கேலம்மாள்.' பள்ளிப் பதிப்புக்காக நூலை ஏற்றிய அன்று ரெஜினாள் அந்த மூன்று வரியில் நின்றுவிட்டார். முதல் படகில் ஓடிய தலைவர் என்று பிள்ளைகள் படிப்பார்கள். காரணம் இந்த மகள் என்றும் படிப்பார்கள். மூன்று வரியை நீக்கி ஒரு வரி வைத்தார். தலைவருக்கு மரியாதை என்று நினைத்து, அந்தக் கரையில் இல்லாத இரண்டு பெரியவர்கள் கை வைத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. வாயைத் திறக்காமல் இருந்ததை மானம் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்டு முப்பது ஆண்டு நிமிர்ந்து நடந்தார்.

இப்போது முப்பத்திரண்டு முகங்கள் அவரைப் பார்த்தன. பேசாமல் எழுந்து போய்விடலாம். இரண்டு வரியும் உதிர்ந்துவிடும். ஆனால் அப்பாவின் பெயர் அல்லவா அதோடு போகும்?

அவர் எழுந்தார். நாடித்தகட்டில் கை வைத்தார். "நான் இருந்தேன். நான் கண்டேன். முதல் வரி."

கஸ்பாரின் வரி கறுத்தது. மிக்கேலம்மாளின் வரி நீரில் கரைவது போலக் கரைந்து சுவரில் வெற்றிடமாயிற்று. அமலதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஜெசிந்தா உட்காரவில்லை. எதிர் வரி தோற்றால் அந்த வீட்டு ஆள் எழுந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது வகுப்பு முறை. கையைக் கட்டிக்கொண்டு தெளிவாகத்தான் ஆரம்பித்தாள்.

"என் பூட்டி மிக்கேலம்மாளைப் பற்றி எங்கள் வீட்டார் சொன்னது தவறு. இல்லாத பெருமையை…" அங்கே குரல் உடைந்தது. "சார், எங்கப்பா வேணும்னு பொய் சொல்லல. அதையும் சேத்துச் சொல்லலாமா?"

"முறைப்படி சொல்லும்மா" என்றார் அமலதாஸ் மெதுவாக.

"இல்லாத பெருமையை எங்கள் வீட்டார்…"

"நிறுத்து" என்றார் ரெஜினாள்.

குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "நிறுத்துட்டி. நீ சொல்லாத. நான் பாத்தது உன் பூட்டியத்தான். மடியில தட்டோட வந்தா. எங்கப்பா முதல் படகுல போயிட்டாரு. நான் சொன்னது பொய்."

அமலதாஸ் ஓடி வந்தார். "டீச்சர், நிதானமா பேசுங்க. பொய்ச்சாட்சின்னு நீங்களே ஒத்துக்கிட்டா நீங்க இதுவரைக்கும் கை வச்ச அத்தனையும் செல்லாமப் போயிரும். முன்னூத்தி சொச்சம் வரி. ஊர்ல பாதி வீட்டுக்கு நீங்கதான் மூணாவது கை." குரல் தாழ்ந்தது. "எங்க தாத்தா சங்கத்துப் பள்ளிக்கூடம் கட்டுன வரியும் அதுலதான் இருக்கு."

"தெரியும், அமலா."

"தெரிஞ்சுமா?"

அவர் மறுபடி நாடித்தகட்டில் கை வைத்தார். அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நான் பொய்ச்சாட்சி சொன்னேன். எடுத்துக்கொள்கிறேன்."

சுவரில் முதலில் ஒரு வரி வெளிறியது. பிறகு பக்கம் பக்கமாக வெளிறிக்கொண்டே போனது. கோயில் மணி போயிற்று. பள்ளிக்கூடம் கட்டியவர் போனார். கிணறு வெட்டியவர்கள், வலை கொண்டுவந்தவர்கள், முதல் குழந்தை பிறந்த வீடு, எல்லாம் புகை நிறத்துக்கு மாறின. பிள்ளைகள் தங்கள் வீட்டு வரிகளைத் தேடிச் சுவரருகே போனார்கள். ஒருவன் விரலால் ஓர் எழுத்தைத் தடவிப் பார்த்தான். அமலதாஸ் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். அந்த முதுகைப் பார்க்கத்தான் ரெஜினாளால் முடியவில்லை.

"அப்பம் எங்க பூட்டி வரி வருமா டீச்சர்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

ரெஜினாள் தகட்டைத் தொட்டுப் பார்த்தார். அது அவர் கையை இனி அறியாது. "வராதும்மா. அதைப் பாத்த ஆளு நான் ஒருத்திதான் மிச்சம். என் சொல்லு இனிச் செல்லாது."

அந்தப் பெண்ணுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "முப்பது வருசமா சொல்லிருக்கலாம்லா? முதல்ல கை வச்சப்பகூடச் சொல்லிருக்கலாமே! இப்பம் நெசத்தச் சொல்லி என்னத்துக்கு?" மூச்சு வாங்கியது. "நீங்க பொய் சொன்னது மட்டுந்தான் இனிக் கறுக்கும். அத நாங்க அத்தன பேரும் கண்ணால பாத்தோம்லா!"

குத்திக்காட்டத்தான் சொன்னாள். ரெஜினாள் அமலதாஸின் பக்கம் திரும்பினார்.

"அமலா, அவ சொல்றது சரி. அந்த வரிய ஏத்து."

"டீச்சர், வேண்டாம். அது அழியாது. முப்பத்திரண்டு கை. வருசா வருசம் பிள்ளைங்க படிக்கும்."

"அதுக்குத்தான் சொல்லுதேன். நான் சொல்லச் சொல்ல எழுது. ஒரு சொல்லும் குறைக்காத." அவர் நிமிர்ந்து நின்று, முப்பத்தைந்து ஆண்டு வகுப்பில் பாடம் சொன்ன அதே குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "கஸ்பாரின் மகள் ரெஜினாள், கடைசிப் படகில் வந்தவர் மிக்கேலம்மாள் என்று கண்டிருந்தும், தன் தந்தை அதை உண்மையாகவே எழுதி வைத்திருந்தும், அந்த எழுத்தை மாற்றினார், மாற்றியதற்குப் பொய்ச்சாட்சியும் சொன்னார், பிறகு இந்த வகுப்பில் எங்கள் முன் இவ்வளவையும் ஒப்புக்கொண்டார்."

வரி சுவரில் ஏறியது. ஜெசிந்தாதான் முதலில் போய்க் கை வைத்தாள். "நான் இருந்தேன், நான் கேட்டேன்" என்றாள். மூன்றாவது கைக்கே வரி கறுத்துவிட்டது. ஆனாலும் மற்றவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக வைத்தார்கள். கடைசியாக அமலதாஸ் வந்தார். டீச்சரின் முகத்தைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனார். வெளிறிக் கிடந்த அந்தப் பக்கத்தில் அது ஒன்றுதான் மையாய் நின்றது.

பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்கள். உபதேசியார் வீட்டுப் பையன் தலையைத் தூக்கினான்.

"டீச்சர், ஏன் மாத்துனாங்கன்னு பரீட்சையில கேட்டா என்ன எழுத?"

இத்தனை காலமும் அதற்கென்று அவர் வைத்திருந்த சொல் ஒன்று உண்டு: மானம். அது வாய்வரை வந்து நின்றுவிட்டது. அவர் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"காய்ச்சல்ல கிடந்த என்னத் தூக்கிட்டு எங்கப்பா முதல் படகுல ஏறுனாரு. அதுக்கு நான் வெக்கப்பட்டேன். அப்படியே எழுதுங்க."

பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள்.