இருக்கேன்ப்பா, தூங்குங்க

பகல் இரண்டு மணிக்கு, அடுப்படியில் நின்று பால் பாத்திரத்தின் அடியில் பிடித்த கருகலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, ஹாலிலிருந்து அவளுக்குத் தன் குரலே கேட்டது. என்ன சொன்னது என்று பிடிபடவில்லை. குழாய்த் தண்ணீர் விழும் சத்தத்துக்கும் பாத்திரம் தேயும் சத்தத்துக்கும் நடுவே, வாசலில் நிற்கும் யாருக்கோ வழி சொல்வதுபோல், மெதுவாக, பிரியமாக, இரண்டு மூன்று வாக்கியம். குழாயை மூடினாள். ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. அப்புறம் ஒன்றுமில்லை.

ஈரக் கையோடு ஹாலுக்கு வந்தாள். கம்ப்யூட்டர் திரை கறுப்பாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரின் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆறு வயது மகள் காய்ச்சலுக்கு மருந்து குடித்துவிட்டு உள்ளே தூங்குகிறாள். கணவன் வர ஏழு மணியாகும். அவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பவன் வீட்டு லிஃப்ட் ஆறு மாதமாகப் படுத்துக் கிடக்கிறதே என்று கட்டடமே அவனைக் கேலி பேசும்.

அவளுக்குப் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் வேலை. வீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று திசைகளில் உள்ள மூன்று பேருக்கு. எங்கே எப்போது மணி என்ன என்று குழம்பாமலிருக்கச் சுவரில் மூன்று கடிகாரம் மாட்டியிருந்தாள். முதல் கடிகாரத்துக்காரருக்கு அவள் வைத்த பெயர் அவசரம். குளியலறைக் குழாய் விற்பவர், தன் ஊரில் விடிந்ததுமே எல்லாம் கையில் வேண்டும் அவருக்கு. இரண்டாவது கமா. பாடப்புத்தகம் போடுகிற அந்த அம்மாள் ஒரு கமாவுக்காக நாற்பது பக்கத்தைத் திருப்பி அனுப்புவாள். மூன்றாவது கப்பல். அவர் கேட்டது பக்க வேலையே இல்லை.

"அப்பாவுக்கு இதய ஆபரேஷன் ஆகியிருக்கு சிஸ்டர்," என்றார் கப்பலில் வேலை பார்க்கும் அந்த மகன். "நைட்ல தனியா இருக்கப் பயப்படுறாரு. அவருக்கு நைட்டுன்னா உங்களுக்குப் பகல். கேமரால ஒரு கண்ணு வச்சிக்கிட்டு, கூப்பிட்டா நம்ம பாஷையில ஒரு வார்த்தை பேசினாப் போதும். ஏதாவதுன்னா ஸ்கிரீன்ல இருக்குற சிவப்பு பட்டன அமுக்குங்க. கீழ் வீட்டுலயே நர்ஸ் இருக்கு. நாலு நிமிஷத்துல வந்துரும்."

பகல் பதினொன்று முதல் ஆறு வரை. சும்மா உட்காரும் வேலை, கூடவே மற்ற வேலையையும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டாள்.

பெரியவர் ரயில் எஞ்சின் ஓட்டியவர். முப்பது வருடம் கண் அசராமல் இருந்து பழகிய மனிதர், இப்போது கண்ணை மூடினால் நெஞ்சும் நின்றுவிடும் என்று நடுங்கினார். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் இருட்டைப் பார்த்துக் கேட்பார்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்ப்பா. தூங்குங்க."

முதல் வாரம் பாவமாக இருந்தது. இரண்டாவது வாரம் எரிச்சலாக வந்தது. அவசரத்திடம் பேசும்போது கூப்பிடுவார். கமாவின் பக்கங்களை எண்ணும்போது கூப்பிடுவார், எண்ணிக்கை விட்டுப்போகும். மூன்றாவது வாரம் அவள் தன் குரலைப் பதிவு செய்தாள். 'இருக்கேன்ப்பா. தூங்குங்க.' அந்த அறையில் பேச்சுச் சத்தம் கேட்டால் அதுவே ஒலிக்கும்படி ஒரு செயலியில் வைத்தாள். கேமரா படத்தை மற்ற வேலைகளுக்குப் பின்னால் தள்ளினாள். ஒலியையும் தன் பக்கம் அடைத்தாள்.

அந்த வாரம் குழாய் விலைப்பட்டியல் இரண்டு நாள் முன்னதாகவே முடிந்தது. அவசரம் பாராட்டினார். இத்தனை வேலையை ஒரே கையால் எப்படிச் சமாளிக்கிறாய் என்று தோழி கேட்டபோது, "மண்டை இருக்குல்ல," என்று சிரித்தாள்.

நான்கு நாளுக்கு முன் பெரியவர் இறந்துபோனார். ஆறு மணிக்கு அவள் படத்தை எடுத்துப் பார்த்தபோது அசையாமல் படுத்திருந்தார். 'நன்றாகத் தூங்கினார்' என்று எழுதி அனுப்பிவிட்டு எழுந்தாள். அங்கே விடிந்ததும் நர்ஸ் வந்து பார்த்திருக்கிறது. உயிர் போனது அவள் நேரப்படி இரண்டரை வாக்கில் என்று டாக்டர் சொன்னாராம்.

மகன் கூப்பிட்டு அழுதார். "கடைசி வரைக்கும் உங்க குரலக் கேட்டுக்கிட்டே போயிருக்காரு சிஸ்டர். அது போதும் எனக்கு."

"அமைதியாத்தான் தூங்குனாரு," என்றாள் அவள்.

அன்றைக்கே அந்தச் செயலியை அழித்தாள். மறுநாளே பதினொன்று முதல் ஆறு வரைக்கு வேறொருவரின் பக்க வேலையைப் பிடித்தாள்.

பிறகு இன்றைக்கு எப்படிப் பேசியது?

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தேடினாள். செயலி இல்லை. ஆனால் அது விட்டுப்போன ஃபோல்டர் ஒன்று மூலையில் கிடந்தது. பதில் சொன்ன ஒவ்வொரு தரமும் அந்த அறையின் சத்தத்தை அது சேமித்திருக்கிறது. அவர் செத்த தேதியில் மட்டும் நாற்பத்தொரு ஃபைல்.

கேட்காமலே அழித்திருக்கலாம். கை முதலாவதைத் திறந்தது.

"இருக்கியாம்மா?" கட்டில் முனகல். தூரத்தில் ஏதோ வண்டி. "இருக்கேன்ப்பா. தூங்குங்க."

இரண்டு மணி பத்து நிமிடம். "நெஞ்சப் புடிக்குதும்மா. அந்த நர்ஸ் பொண்ணக் கூப்பிடேன்."

"இருக்கேன்ப்பா. தூங்குங்க."

இரண்டு பன்னிரண்டு. "முடியலம்மா. கூப்பிட்டியா?"

"இருக்கேன்ப்பா. தூங்குங்க."

இரண்டு பதினைந்து. பதினாறு. பதினேழு. கண்ணாடி டம்ளர் விழுந்து உருளும் சத்தம். ஈரத்துணியைக் கிழிப்பதுபோல் ஒரு மூச்சு. "அம்மாடி, உன் கால்ல விழறேன்." அதே குரல், அதே நிதானம், அதே இரண்டு வாக்கியம். இரண்டு முப்பத்தொன்றில் பேச்சு இல்லை. தொண்டையில் ஏதோ கொப்பளித்தது. அதற்கும் பதில் சொல்லியிருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கையில் கருகிய பால் நாற்றம்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். கீழே இன்னும் ஃபைல்கள் இருந்தன.

இரண்டு ஐம்பது. "எங்கம்மா இருக்க?" மூச்சிரைப்பே இல்லை. தெளிவான குரல்.

"இருக்கேன்ப்பா. தூங்குங்க."

மூன்று இருபது. "எங்கன்னு சொல்லு. நானே வர்றேன்."

"இருக்கேன்ப்பா," என்றது அவள் குரல். கொஞ்சம் நிறுத்தியது. "வாங்க."

அவள் அதைப் பதிவு செய்யவில்லை.

அடுத்தது முந்தாநாள் தேதி. கட்டில் இல்லை, அறை இல்லை. காற்றும், சரளைக்கல் மேல் வெறுங்கால் நடையும்தான். "இப்ப மூச்சு வாங்கலம்மா. நடக்க நல்லாருக்கு." அவள் குரல், அவரிடம் அவள் ஒருநாளும் காட்டாத பரிவோடு, சொன்னது: "பாலம் தாண்டினா மருந்துக்கடை வரும். அங்க திரும்புங்கப்பா."

அவள் தெரு முனையில் மருந்துக்கடை.

நேற்று. இரும்புக் கேட் கிறீச்சிட்டது. அந்தக் கிறீச்சு அவளுக்குத் தெரியும். "லிஃப்ட் ஓடாதுப்பா. மூணாவது மாடி. மெதுவா ஏறுங்க."

கடைசி ஃபைல். இன்றைய தேதி. இரண்டு மணி.

வேண்டாம்.

திறந்தாள்.

தண்ணீர் விழும் சத்தம். பாத்திரம் சுரண்டும் சத்தம். அவள் சுரண்டிய சத்தம். பக்கத்தில், மிகப் பக்கத்தில், பெரியவர். "வந்துட்டேன். எங்க படுக்கட்டும்?"

"உள் ரூம்லப்பா," என்றது குரல். "பாப்பா இருக்கா. அவ பாத்துக்குவா."

நாற்காலி விழுந்தது. உள் அறைக் கதவின் கைப்பிடி சில்லென்றிருந்தது. தள்ளினாள்.

திரைச்சீலை இழுத்த இருட்டு. மருந்து வாடை. அதற்கடியில் வேறொரு வாடை, நான்கு நாள் வாடை. கட்டிலில் மகள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீளமாக ஒன்று.

"கத்தாதம்மா," என்றாள் மகள், கிசுகிசுப்பாக. "இருக்கியா இருக்கியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. இப்பதான் தூங்குறாரு."

தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது. இரண்டும் வாசலில் நின்ற அவளைப் பார்த்துத்தான் திறந்திருந்தன.

"பாப்பா. இங்க வா."

"முடியாதும்மா. விட மாட்டேங்குறாரு."

ஒரு கையால் அவர் நெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தாள் குழந்தை. மெதுவாக. ஒரே சீராக. மறு கை அவர் பிடிக்குள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோளுக்கு ஏறியது.

தட்டல் நிற்கவில்லை.