புகை கழுவும் தொட்டி

தொட்டித் தண்ணீரில் கரி ஒருக்களித்துப் படுத்திருந்தது.

எத்திராஜுக்கு அப்படித்தான் பட்டது. தண்ணீர்மேல் ஆடைபோல் படர்ந்திருக்க வேண்டிய கரிப்பொடி, தலை, தோள், மடக்கிய முழங்கால் என்று ஓர் ஆள் நீளத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது. தள்ளுகட்டையால் ஒரு கலக்குக் கலக்கினான். கலைந்தது. இந்த வயசிலேயே கண் மங்கிப்போச்சா என்று தன்னையே கேலி செய்துகொண்டு அடுப்புக்குத் திரும்பினான். ஆனால் முதுகு மட்டும் சில்லென்று இருந்தது, பட்டப்பகலில், பாய்லர் கொட்டகையின் அனலுக்கு நடுவில்.

உலகச் சண்டை ஓய்ந்தும் நிலக்கரி வந்தபாடில்லை. திருவொற்றியூர்க் கடலோரத்தில் இருந்த அந்தச் சவுக்காரக் கம்பெனியின் பாய்லர் தின்னாத குப்பை கிடையாது. உமி, தேங்காய் மட்டை, கந்தல், தோல் துண்டு, எல்லாம் உள்ளே போயிற்று. அதுவும் போதாமல் முதலாளி இன்னொன்றைக் கண்டுபிடித்தார். செத்தவர்கள் கடைசியாகப் படுத்திருந்த பாயும் தலையணையும். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அவற்றைக் கால்மாட்டிலிருந்து சுருட்டி வாசலுக்கு வெளியே வைத்துவிடுவார்கள்; அப்புறம் ஒருவரும் தொட மாட்டார்கள். வண்டிக்கார வேம்பு மூலக்கொத்தளம் வரைக்கும் மாட்டை ஓட்டிப்போய் அவற்றைப் பொறுக்கி வந்தான். சும்மா வருகிற விறகு முதலாளிக்குக் கசக்குமா?

புகைதான் காட்டிக்கொடுத்தது. மயிர் கருகும் நாற்றத்தோடு அது குப்பத்தில் இறங்கி, காயப்போட்ட கருவாட்டின்மேல் கறுப்பாகப் படிந்தது. மீன்காரப் பெண்கள் கூடையோடு வந்து அதைக் கம்பெனி வாசலில் கொட்டி, முதலாளியின் பரம்பரையையே சந்திக்கு இழுத்தார்கள். அதற்குப் பிறகுதான் புகைபோக்கிக்கு அடியில் தண்ணீர்த் திரை கட்டினார்கள். மேலேயிருந்து தண்ணீர் மழையாகக் கொட்டும். புகை அதற்குள் நுழைந்துதான் வெளியே போக வேண்டும். கரியெல்லாம் கீழே தொட்டியில் விழுந்துவிடும். மேலே போவது வெறும் வெள்ளைப் புகை. குப்பத்துக்கு நிம்மதி.

எத்திராஜுக்குத்தான் நிம்மதி போயிற்று. உமி எரித்த அன்று கரி சும்மா மிதந்தது. பாய் எரித்த அன்று படுத்தது. குப்புற, மல்லாந்து, சுருண்டு, அந்தந்தப் பாயில் யார் எப்படிக் கிடந்தார்களோ அப்படியே. கூட வேலை செய்யும் தேசப்பனிடம் சொல்லிப் பார்த்தான். தேசப்பனுக்குப் பாய்லர் இரைச்சலில் காது பாதி போயிருந்தது. அவன் காதருகே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"போவ வேண்டியது போவாம இங்கயே தங்குது தேசப்பா."

"இன்னா தங்குது? கரி தங்குது. சனிக்கெழம தொட்டிய தொறந்தா எல்லாம் கடலுக்குப் போய்டப் போவுது. சும்மா பேஜாரு பண்ணாத."

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வேம்பு வண்டியைக் கொட்டகையில் கவிழ்த்துவிட்டு, ஒரு பாய்ச்சுருளைக் காலால் தள்ளிச் சிரித்தான்.

"இன்னிக்கு ஒரு கூத்து நைனா. இது இங்கதான், ஒரு வூட்டு வாசல்ல கெடந்துச்சு. எடுத்துகினு திரும்புறேன், உள்ள ஒரு பொம்பள பாடிகினு கீது. எழவு வூட்ல எவளாச்சும் பாடுவாளா?"

எத்திராஜும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கவைக்கோலால் சுருளைக் குத்தி அடுப்புக்குள் தள்ளினான். தீ பட்டதும் பாய் விரிந்தது. உள்ளேயிருந்த தலையணை அவன் பக்கமாக உருண்டது. காக்கித் துணி. ஒரு மூலையில் சட்டைப்பை.

அவனுடைய பழைய சட்டை. மங்கை அதைக் கிழித்துத் தைத்த தலையணை.

நாள்கணக்காகக் காய்ச்சலில் கிடந்த அவன் மனைவி அன்று காலைதான் வேர்த்து, கண் திறந்து, கஞ்சி கேட்டிருந்தாள். நாறிப்போன பாயை வெயிலில் போடச் சுருட்டியிருப்பாள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பெண். கால்மாட்டிலிருந்து சுருட்டி வாசலில் வைத்தால் இங்கே என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கவைக்கோலைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினான். தலையணை சாம்பலாக விரலில் உதிர்ந்தது.

வீட்டுக்கு ஓடத்தான் கால் கிளம்பியது. அப்போது தண்ணீர் கொட்டும் சத்தம் மாறியது. தொட்டியைப் பார்த்தான்.

கரி கூடியது. முதலில் கொண்டை. பிறகு தோள். பிறகு, காய்ச்சலில் அவள் படுத்திருந்தபடியே, கன்னத்துக்கு அடியில் ஒரு கை.

இதுவரை வந்தது எதுவும் அசைந்ததில்லை. இது அசைந்தது. விலா ஏறியது. இறங்கியது. ஏறியது.

மூச்சு.

உயிரோடு இருப்பவளின் பாயை எரித்துவிட்டான். உயிரோடு வந்துவிட்டாள். இது கலைந்தால் வீட்டில் மங்கை இல்லை. யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்தது.

"மங்கை," என்றான். கரிமுகம் அவன் பக்கம் திரும்பியது.

சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டியின் வடிகுழாயைத் திறக்கும் இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டது.

"தொறக்காத! தேசப்பா, தொறக்காதடா!"

"ஆங், தொறந்துட்டேன் எத்திராஜு!"

தண்ணீர் சுழன்றது. கொண்டை நீண்டது. வடிகுழாய்ப் பக்கம். தொட்டிக்குள் குதித்தான். கொதிநீர். தொடை வெந்தது. மண்டியிட்டுத் தடவினான். குழாய் வாய் அகப்பட்டது. தோள் வரைக்கும் கையைத் திணித்து அடைத்தான்.

சுழல் நின்றது. கரி மெல்ல வந்து அவன் மார்பில் சாய்ந்தது. அதன் மூச்சு கழுத்தில் பட்டது. காய்ச்சல் விட்ட மூச்சு. விடவில்லை, உன்னை விடவில்லை என்று வாய்விட்டு அழுதான்.

குழாய்க்குள், அவன் விரல்களுக்கு நடுவே, வேறு விரல்கள் நுழைந்தன.

போன சனிக்கிழமைகளின் கரி ஒட்டிய, குளிர்ந்த விரல்கள். கோத்துக்கொண்டன. இன்னொரு கை மணிக்கட்டில். இன்னொன்று முழங்கையில். இழுத்தன.

கையை உருவினால் மங்கை போய்விடுவாள். அவன் உருவவில்லை. முகவாய் தண்ணீரில் முங்கியது. பிறகு வாய். குழாயின் ஆழத்திலிருந்து இன்னும் ஒரு கை, அவசரமே இல்லாமல், அவன் தோளைத் தேடித் தடவிக்கொண்டு மேலே வந்தது.