இறக்கத்தில் யார் ஓட்டினார்?

திங்கள், காலை 8:10. கீழ் கோத்தகிரி போகும் சாலை.

மூன்று நாளுக்கு முன் வாங்கிய வெள்ளைக் கார், தேயிலைச் செடிகளுக்குள் முகம் புதைத்து நின்றது. உள்ளே பெரிய திரை கீறலில்லாமல் ஒளிர்ந்தது; பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிக்கப் போன ராக்கம்மா, கார் மோதிக் கால் முறிந்து கிடந்தாள். காரை ஓட்டி வந்த ஐவி டீச்சர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிரேக்கை மிதிச்சேனுங்க. நிக்கலீங்க."

பதறாதீர்கள் கண்ணுகளா, ராக்கம்மா பிழைத்துக்கொண்டாள். ஐவியின் பெயர்தான் பிழைக்குமா என்று தெரியவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டியதாக அவள்மேல் வழக்கு. பள்ளி வேலையும் போகலாம். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்திருப்பாள் என்றது ஊர். அவள் கணவன் செலஸ்டினும் அதையேதான் சொன்னான்.

காலை 11:30. மெக்கானிக் முருகன் சக்கரத்தைக் கழற்றி எஸ்.ஐ. ராஜப்ரியாவிடம் காட்டினார்.

"பிரேக் பேடே இல்லீங்க மேடம். இரும்போட இரும்பு உரசியிருக்குது."

"மூணு நாள்ல இப்படித் தேயுமா?"

"மாசக்கணக்கு ஆகுமுங்க."

அப்படியென்றால் விற்கும்போதே பிரேக் போயிருந்தது. ஆனால் விற்றவருக்கு அது தெரியுமா? தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துக்கொள்ளலாம்.

பகல் 12:15. காவல் நிலையம். எதிரே செலஸ்டின்.

"எதைப் பார்த்து வாங்குனீங்க?"

"பத்து இஞ்ச் டச் ஸ்க்ரீனுங்க. பின்னாடி கேமரா. சன்ரூஃப். எட்டு ஸ்பீக்கர்…"

"பிரேக்?"

"எல்லா வண்டியிலயும் பிரேக் இருக்குமுங்களே மேடம்!"

"ஓட்டிப் பார்த்தீங்களா?"

"ஊட்டி ரோட்டு ஏத்தத்துல நான்தானுங்க ஓட்டுனேன். சும்மா பறந்துச்சு."

"திரும்பி வர்றப்ப?"

"கடைக்கார தினேஷ்குமார் அண்ணன் ஓட்டுனாரு. 'நீங்க ஸ்க்ரீனைப் பாருங்க சார்'னு பாட்டை ஃபுல் சவுண்டுல வெச்சு விட்டாரு. வெள்ளிக்கிழமை அவரே ஊட்டு வாசல்ல கொண்டாந்தும் விட்டாரு. தங்கமான மனுசன்."

"அதுக்கப்புறம் வண்டியை எடுத்தீங்களா?"

"மந்திரிக்காம எடுக்கக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சிருந்தமுங்க. ஞாயித்துக்கிழமை ஃபாதர் ஊட்டுக்கே வந்து மந்திரிச்சாரு. இன்னைக்குத்தான் ஐவி முதல்முதலா எடுத்தா."

ராஜப்ரியா பேனாவை மூடினாள்.

மாலை 3:00. கோத்தகிரி, தினேஷ்குமாரின் பழைய கார் கடை. செலஸ்டினும் ஐவியும் கூடவே வந்திருந்தார்கள். கார் கழுவிக்கொண்டிருந்த டெனினிடம் முதலில் போனாள் ராஜப்ரியா.

"கஸ்டமர் வண்டியை ஓட்டிப் பார்த்தா, திரும்ப யாரு ஓட்டிட்டு வருவா?"

"அவங்களேதானுங்க. முதலாளி இங்க உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாரு."

"இந்த வெள்ளைக் காருக்கு?"

"அதுக்கு மட்டும் அவரே கூடப் போனாருங்க. எங்களைத் தொடவே விடலை."

தினேஷ்குமார் சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க மேடம். பிரேக் தேஞ்சிருந்தது எனக்குத் தெரியாதுங்க."

"பிரேக் தேஞ்சிருந்ததுன்னு நான் இன்னும் சொல்லவே இல்லையே!"

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏத்தத்துல ஆக்ஸிலேட்டரை விட்டாலே வண்டி நின்னுரும். பிரேக் இருக்குதா இல்லையான்னு இறக்கத்துலதான் தெரியும். அந்த இறக்கத்தை மட்டும் நீங்க அவர்கிட்ட விடலை. கியரைக் குறைச்சு, பிரேக்கை அதிகம் தொடாம மெதுவா இறக்கிட்டு வந்தீங்க. இரும்பு உரசுற சத்தம் கேக்காம இருக்கத்தான் பாட்டு. கொண்டாந்து விட்டதும் அதுக்குத்தான்."

தினேஷ்குமார் தலை குனிந்திருந்தார். பேசியபோது குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது.

"பழைய வண்டிக்கு ஸ்க்ரீன் மாட்டுனா ரெண்டே நாள்ல வித்துப் போயிருதுங்க. பிரேக்கை மாத்துனா எவன் கண்ணுக்கும் தெரியறதில்லை. ஏழு வருசமா விக்கிறேன். பிரேக் எப்படின்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்லை மேடம். ஒருத்தர் கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்பேன்."

"கேக்கலைன்னா கொல்லலாமா?" என்றாள் ராஜப்ரியா. "ஜீப்ல ஏறுங்க."

யாரும் கேட்டதில்லை என்று தினேஷ்குமார் சொன்னது பொய்யில்லை. செலஸ்டினுக்கு அதுதான் உறுத்தியது.

"ஐவி… அந்தாளு ஏமாத்துவான்னு நான் நினைக்கவே இல்லை."

"அந்தாளை நம்புனீங்க, சரி. பிரேக்கை மிதிச்சேன்னு நான் சொன்னப்ப ஏனுங்க நம்பலை?"

கடைக்குள் வரிசையாக நின்ற கார்களில் திரைகள் மின்னின. செலஸ்டின் அவளைப் பார்த்தான்.

"ராக்கம்மாவைப் பார்க்கணும்" என்றாள் ஐவி. "வாங்க, ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போயிரலாம்."