அமைதியனின் பசி

உண்ணாவிரதத்தின் இரண்டாம் நாள் காலை, சூசைமாணிக்கத்தின் மணிக்கட்டில், குடலின் நிலையைக் காட்டும் குடல்மானி சிவப்பாக எரிந்தது. பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பெர்னத் அதைப் பார்த்துவிட்டாள். அந்தச் சிவப்பின் அர்த்தம் தூத்துக்குடியிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அமைதியனை வடிவமைத்தவளே அவள்தான்.

அமைதியன் குடலில் வாழும் ஒரு பாக்டீரியா. ஆலையில் புளிக்கவைத்துத் தயாரிக்கும் நார்மா என்ற நார்ச்சத்து மாவைத் தின்று அது கக்கும் அமிலம், குடற்சுவரில் காவலிருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களைச் சும்மா இருக்கச் சொல்லும். பழைய பாக்டீரியாக்களைத் துடைத்துவிட்டு எல்லார் வயிற்றிலும் இதைக் குடிவைத்த பிறகு, பதினெட்டு வருடங்களாக ஊரில் ஆஸ்துமா இல்லை, குடல் அழற்சி இல்லை. ஆனால் அமைதியன் ஆலையின் நார்மாவைத் தவிர எதையும் தொடாது. கம்பு, கீரை எதைப் போட்டாலும் புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஆலை நிர்வாகம் கேட்டபடி அதற்கு இப்படி ஒரு பூட்டைப் போட்டதும் பெர்னத்தான். சாதாரணச் சாப்பாட்டையும் அது தின்னும்படி பூட்டைத் திறக்கச் சொல்லித்தான், சூசைமாணிக்கம் உட்பட நார்மா புளிக்கவைக்கும் தொழிலாளர்கள் நாற்பது பேர், வேலையை நிறுத்திவிட்டுப் பட்டினி கிடந்தார்கள்.

“ஏங்க, பையில ஒரு பொட்டலம் நார்மா இருக்கு. கரைச்சுத் தாரேன்,” என்று அவன் காதோடு கெஞ்சினாள். “தீனி இல்லாட்டி அது குடல் சவ்வையே தின்னும். அப்புறம் உங்க உடம்பே உங்களைக் குதறிரும்.”

“குடிச்சா விரதம் முறிஞ்சிரும். நாளைக்கு இறங்கி வந்துருவாங்க, பாரு.”

இறங்கித்தான் வந்தார்கள். மறுநாள் மதியம் நிர்வாக அதிகாரி கோமதிநாயகம், போலீஸ் இல்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் குடல்மானியும் சிவப்பு.

“ஸ்டிரைக்குன்னதும் ஜனங்க மாவை அள்ளிட்டுப் போய்ட்டாங்க. கடை, கிடங்கு எல்லாம் காலி. இருக்கிறவன் கதவைத் திறக்க மாட்டேங்கான். உங்க கோரிக்கைக்குச் சம்மதம், அண்ணாச்சி. இப்பவே மிஷினைப் போடுங்க.”

பந்தலில் கைதட்டல் எழுந்தது. பெர்னத் மட்டும் தட்டவில்லை. கோமதிநாயகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

“தொட்டியெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு, சார். இப்பப் போட்டாலும் மாவு புளிக்க நாலு நாள் ஆகும், அதுவரைக்கும் ஒருத்தர் குடலும் தாங்காது. பூட்டில்லாத புதுப் பாக்டீரியாவுக்கு மாசக்கணக்காகும்.”

கைதட்டல் நின்றது. சூசைமாணிக்கத்தின் காதில் எதுவும் விழவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அவன் சத்தமாகவே கேட்டான்.

“பெர்னத், பையில வச்சிருக்கியே, அந்த மாவைக் கரை.”

கோமதிநாயகம் திரும்பினார். நாற்பது பேரும் திரும்பினார்கள். பெர்னத் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.