துளசிக் கூடையில் வாளைக் கருவாடு

டம்!

உச்சந்தலையில் விழுந்த இடியில் முனீஸ்வரிக்கு ஒரு நொடி கண் இருட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை... இரவெல்லாம் தூறிய சாரல் விட்டு, மலைப் பக்கம் மேகம் விலகி, துணி காயப்போட ஒரு சாண் வெயில் கிடைத்த நேரம். பால்கனிக்கு வெளியே எட்டிச் சுடிதாரை உதறிக்கொண்டிருந்தவளை இடித்துவிட்டு, தனக்கொன்றும் தெரியாததுபோல் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது ஒரு பிரப்பங்கூடை. கழுத்தில் கயிறு. உள்ளே ஒரு பால் பாக்கெட், ஒரு கட்டுத் துளசி.

"யாரு அது மேல?"

நாலாவது மாடியிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ஈரத் தலை. தோளில் துண்டு. கயிற்றை இறுகப் பிடித்த கை. கன்னத்திலிருந்து சொட்டிய ஒரு நீர்த்துளி அவளைத் தாண்டிக் கீழே போயிற்று. அந்தக் கண்கள்... மழையில் நனைந்த கருங்கல் மாதிரி பளபளவென்று... சே! கண் அழகாக இருந்தால் தலைவலி போய்விடுமா என்ன?

"ஸாரிங்க... காத்து இழுத்துடுத்து."

"காத்து இழுத்துச்சுன்னா, கயிறு யாரு கையில இருந்துச்சு? காத்து கையிலயா?"

"என் கையிலதான்..."

"லிஃப்ட்டுன்னு ஒண்ணு வச்சிருக்காங்களே, அது என்ன, அலங்காரத்துக்கா?"

"அம்மா குளிச்சிட்டு மடியா இருக்கா. லிஃப்ட் பட்டனைத் தொடமாட்டா. அதான் பால்காரர் கூடையில வச்சிடுவார்..."

"நீங்க எறங்கி வாங்க வேண்டியதுதான?"

"நானும் இப்ப மடி" என்று அசட்டுத்தனமாகச் சிரித்தான் அவன்.

"மாட்டுக்காரர் தொட்டது, பால்காரர் தொட்டது, இப்ப என் தலையும் தொட்டாச்சு. இனிமே என்ன மடி?"

"ஒரு சொட்டு தண்ணி தெளிச்சா சரியாப் போயிடும்..."

"என் தலைக்கா, பாலுக்கா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். கூடை மெல்ல மேலே ஏறியது. துளசி வாசம் மட்டும் செத்த நேரம் அவள் பால்கனியில் நின்றுவிட்டுப் போனது. அதற்கும் சேர்த்துத்தான் அவளுக்கு எரிச்சல் வந்தது.

இந்த மூன்றாவது மாடி வீடு அவளுக்குச் சும்மா கிடைத்ததில்லை. தேவதானத்தில் அவள் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி அவள்தான். பி.எஸ்ஸி. வேதியியல். ராஜபாளையத்தில் சர்ஜிக்கல் பஞ்சு தயாரிக்கும் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. தினம் ரெண்டு பஸ் மாறி வந்து போய்ச் சலித்து, "இங்கயே வீடு எடுத்துக்கிடுதேன்" என்றபோது வீடே ரெண்டுபட்டது. வயசுப்பிள்ளை தனியாக இருப்பதாவது! கடைசியில் அப்பா பாண்டிதுரை ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"ஏட்டி, நல்லாக் கேட்டுக்க. உன்னையப் பத்தி அங்கிருந்து ஒரே ஒரு புகார் வந்துச்சுன்னா, மறுநாளே வண்டி கொண்டாந்து சாமானை ஏத்திருவேன். பொறவு மாமன் மகன் சமுத்திரத்துக்குத்தான் உன்னைக் குடுப்பேன். பேச்சே கிடையாது."

அன்றிலிருந்து அவள் ஒரு புகாரும் வராமல் வாழ்ந்தாள். காலையில் தானே போட்ட டீ. ஆபீஸ் விட்டு வந்ததும் யாரும் "எங்க போன, யாரோட போன" என்று கேட்காத கதவு, அதற்குத் தன் கையிலேயே ஒரு சாவி. ஞாயிறு சாயங்காலம் தனியாக ஒரு சினிமா, வரும் வழியில் கறிச்சால்னாவோடு பரோட்டா. ஊரில் ஆம்பிளைகள் காலங்காலமாக அனுபவிக்கிற சாதாரண சுகம்தான்... பொம்பளைப் பிள்ளை அனுபவித்தால் மட்டும் ஊரே கண்ணை அகல விரிக்கிறது.

அந்த ஆடியில் ஊருக்குப் பொருட்காட்சி வந்தது. தாம்பாளம் அகலத்துக்கு டெல்லி அப்பளம் ஒன்றை வாங்கி, மிளகாய்ப்பொடி மூக்கில் ஏற, ராட்டின வரிசையில் நின்றாள் முனீஸ்வரி. முறை வந்ததும் ராட்டினக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"ஒத்த ஆளா ஏத்த முடியாதும்மா. பேலன்ஸ் வேணும்."

"அது என்ன, ராட்டினத்துக்குக்கூட துணை வேணுமா?"

"எனக்கும் துணை இல்லைங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினால்... அதே கருங்கல் கண்கள்! இப்போது சட்டை போட்டிருந்தான்.

"கூடை!" என்றாள் அவள்.

"ஆராவமுதன்" என்றான் அவன். "கூடை நம்மாத்து அயிட்டம். பேர் அது இல்லை."

ராட்டினக்காரர் பொறுமையிழந்து இருவரையும் ஒரே தொட்டியில் தள்ளிக் கம்பியைப் பூட்டிவிட்டார். அவன் தனியார் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறான், அம்மாவின் முழங்கால் வலிக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை விட்டு லிஃப்ட் இருக்கிற இடத்துக்கு வந்தார்கள் என்பதெல்லாம் முதல் சுற்றிலேயே தெரிந்தது. லிஃப்ட்டுக்காக வந்துவிட்டுக் கூடை விடுகிற குடும்பம்! அவள் அப்பளத்தில் பாதியை ஒடித்து நீட்டினாள். இரக்கத்தில் இல்லை... காற்றில் பறந்துவிடும் என்றுதான்.

உச்சியில் ராட்டினம் நின்றது. கீழே ஊர் முழுக்க விளக்குகள். ஈரக் காற்று அவள் துப்பட்டாவை அவன் முகத்தில் போட்டது.

"அதோ, தூரத்துல ஒரு வெளிச்சம் தெரியறது பாருங்க. எங்க ஊர் கோபுரம்."

"அது செல்போன் டவர்."

"பிறந்ததுலேர்ந்து பார்க்கறேன். கோபுரம்தான்."

"செவப்பு லைட்டு விட்டு விட்டு எரியுது. உங்க ஊர்ல கோபுரம் கண்ணடிக்குமா?"

அவன் தோற்றுப்போய் அவளையே பார்த்தான். சுற்றத் தொடங்கிய ராட்டினத்தில், வயிற்றுக்குள் ஏதோ ஒன்று குபீரென்று இறங்கியது. ராட்டினம் இறங்கினால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே அதட்டிச் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கூடை ஒழுங்காகத்தான் போய் வந்தது. சில நாள் இறங்கும்போது அவள் பால்கனி அருகே வேண்டுமென்றே நிற்கும். உள்ளே ஒரு பால்கோவா பொட்டலம் இருக்கும். "கையில கொண்டாந்து குடுத்தா கொறஞ்சா போவீங்க?" என்று அவள் மேலே பார்த்துக் கத்துவாள். ஆனாலும் எடுத்துக்கொள்வாள். அவளுக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

வினை அம்மா ரூபத்தில் வந்தது. அவள் அம்மா ஊரிலிருந்து வாளைக் கருவாடு கொடுத்தனுப்பியிருந்தாள். சாரலில் பதம் போயிருந்தது. வெயில் கண்ட அன்று முனீஸ்வரி அதை எடுத்து, நீள நீளமாகப் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டுக் குளிக்கப் போனாள். அந்நேரம் பார்த்து ஆடிக் காற்று அடித்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த கூடை அவள் பால்கனிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முழுக் கருவாட்டை அள்ளிக்கொண்டு போய்விட்டது. அன்று கயிற்றை இழுத்தது ஆராவமுதன் இல்லை... அவன் அம்மா கமலவல்லி. குளித்து, மடி உடுத்தி, பெருமாளுக்குத் துளசி எடுக்கக் கூடைக்குள் கைவிட்டவர்.

"பெருமாளே!" என்று எழுந்த அலறல் அடுக்ககம் முழுவதும் கேட்டது.

அன்று மாலையே கூட்டம். கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். சங்கச் செயலாளர் வைகுண்டராஜ் தொண்டையைச் செருமினார். அவருக்கு ஆரம்பத்திலிருந்தே முனீஸ்வரியைக் கண்டால் ஆகாது.

"நான் அப்பவே சொன்னேன். குடும்பம் இல்லாதவங்களுக்கு வீடு விட்டா இப்படித்தான். கண்ட கண்ட நாத்தம்... ஏம்மா, உங்க அப்பா நம்பர் என்ன? வீட்டு ஓனருக்கும் போன் போடணும்."

முனீஸ்வரிக்கு அப்பாவின் நிபந்தனை நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு புகார்... நாளைக்கே வண்டி வரும். டீ, சினிமா, அந்தக் கதவு, அந்தச் சாவி... எல்லாம் ஒரு கருவாட்டில் போகப்போகிறது.

அப்போது பின்வரிசையில் ஆராவமுதன் எழுந்தான்.

"கருவாடு நான் வாங்கினது."

கூட்டம் வாயைப் பிளந்தது. கமலவல்லி மகனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் உயிரே இல்லை.

"நீங்களா தம்பி? நீங்க... கருவாடா?" என்றார் வைகுண்டராஜ்.

"ஆமா. ஆசையா இருந்துது. வாங்கிக் கூடையில போட்டேன். இவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"என்ன கருவாடுன்னு சொல்லுங்க பாப்போம்?" யாரோ கேட்டார்கள்.

"அது... மீன் கருவாடு."

சிரிப்பு வெடித்தது. முனீஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. விருட்டென்று எழுந்தாள்.

"பொய்! அது வாளைக் கருவாடு. என்னுது. எங்க அம்மா குடுத்துவிட்டது. என் பால்கனியில என் கம்பியில காயப்போட்டேன். நான் யார் வீட்டுக்குள்ளயும் கொண்டுபோய்ப் போடல. எங்க அப்பா நம்பர்தான வேணும்? எழுதிக்கோங்க. ஆனா ஒண்ணு... இங்க எத்தனை வீட்டுல ஞாயித்துக்கிழமை கறி கொதிக்குதுன்னு வாசத்தை வச்சே நான் சொல்லுவேன். அவங்க அப்பாவுக்கெல்லாம் போன் போட்டீங்களா?"

எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள்.

கமலவல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"கருவாடு தானா நடந்து எங்காத்துக்கு வரலை. என் கூடைதான் அவாத்துக்குள்ள போய் எடுத்துண்டு வந்துது. புகார் சொல்றதுன்னா என்மேல சொல்லுங்கோ." பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நீ ஆத்துக்கு வா. உனக்கு இருக்கு."

வைகுண்டராஜ் வேறு வழியில்லாமல் தீர்ப்பைச் சுருக்கினார். யாருக்கும் போன் இல்லை. ஆனால் இனி இந்தக் கட்டடத்தில் எவரும் கயிறு கட்டிக் கூடை விடக்கூடாது.

மாடிப்படியில் அவனை மடக்கினாள் முனீஸ்வரி.

"என்னைக் காப்பாத்துங்கன்னு நான் உங்ககிட்ட வந்து அழுதேனா?"

"இல்லை... உங்க வீடு போயிடுமோன்னு..."

"பொய் சொல்லி வாங்கித் தந்தா, அது என் வீடா இருக்குமா? அப்பா தயவுல இருக்கக் கூடாதுன்னுதான இங்க வந்தேன். இப்ப உங்க தயவுல இருக்கணுமா? உங்க அம்மா மூஞ்சியைப் பாத்தீங்களா? இனிமே என்கிட்ட பேசாதீங்க!"

அவன் தலையசைத்தான். பேசவில்லை.

நிஜமாகவே பேசவில்லை! லிஃப்ட்டில் பார்த்தால் படியில் இறங்கினான். படியில் பார்த்தால் சுவரோடு சுவராக ஒதுங்கினான். விடிந்ததும் கீழே போய்ப் பால் வாங்கி வந்து, அம்மாவுக்காக மறுபடியும் குளித்தான். அவன் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் அவள் சுவருக்குள் இருந்த குழாயில் சலசலவென்று இறங்குவது கேட்கும். தலையில் இடிக்க ஒன்றும் இல்லாத காலை... துணி உலர்த்தும்போது மூன்று முறை மேலே பார்த்தாள். யாருமில்லை. இதற்குத்தானே ஆசைப்பட்டாய், நிம்மதியாக இரு என்று மனசு சொன்னது. மனசுக்கு என்ன தெரியும்?

அடுத்த ஞாயிறு மாலை மொட்டைமாடியில் திரை கட்டி கிரிக்கெட் காட்டினார்கள். சுண்டல், பிள்ளைகளின் கூச்சல், விசில். முனீஸ்வரி தேடியது திரையை இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மதில் மேல் கையூன்றி அவன் தனியாக நின்றான். அவளைக் கண்டதும் நகரப் பார்த்தான்.

"நில்லுங்க."

நின்றான்.

"பேசாதீங்கன்னா பேசாமயே இருந்துருவீங்களா?"

"நீங்கதானே சொன்னீங்க..."

"கோவத்துல ஆயிரம் சொல்லுவேன். எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு தெரிய வேண்டாமா? பாலிடெக்னிக்கில என்னத்தைச் சொல்லிக் குடுக்கீங்களோ!"

அவன் கண்களில் அந்த ஈரப் பளபளப்பு திரும்ப வந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அன்னிக்கு நான் பண்ணது தப்பு. அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்ககிட்டயும் கேக்கறேன். நீங்க தோக்கறதைப் பார்க்க முடியலை. நீங்க தோக்கமாட்டீங்கன்னு நம்பியிருக்கணும்." ஒரு மூச்சு விட்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இது பொய் இல்லை."

சாரல் விழத் தொடங்கியது. திரைப் பக்கம் எல்லோரும் துணியைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். இவர்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"உங்க அம்மா என்ன சொல்லுவாங்க?"

"'அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, ஆனா வாயில பொய் இல்லை'ன்னா. மத்ததுக்கு ரொம்ப நாள் சண்டை போடணும்."

"எங்க அப்பாகிட்டயும் போடணும். அதை நான் போட்டுக்கிடுவேன். நீங்க குறுக்க வந்து கருவாடு வாங்குனேன், அது இதுன்னு உளறக் கூடாது."

"உளறமாட்டேன்."

"கல்யாணம் ஆனாலும் என் வீட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கும்."

"சரி."

"கருவாடும் இருக்கும்."

அவன் எச்சில் விழுங்கினான். "...சரி."

"பொறவு, நாளைக்குக் காலையில கூடையை எறக்குங்க. வைகுண்டராஜ்கிட்ட நான் பேசிக்கிடுதேன். வயசான மனுஷிக்கு முழங்கால் வலின்னு ஒரு கூடை விடக் கூடாதாக்கும்!"

மழைத் திரைக்கு அப்பால், ஸ்ரீவில்லிபுத்தூர்த் திசையில் அந்தச் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. முனீஸ்வரி அதையே பார்த்தாள். காது மடல் சூடானது. இதைச் சொல்லுவதற்கு, கூட்டத்தில் எழுந்து நின்றதைவிட அதிகத் தைரியம் வேண்டியிருந்தது.

"அது... உங்க ஊர் கோபுரம்தான்."

அவன் திகைத்துத் திரும்பினான். "செல்போன் டவர்னேள்?"

"டவர்தான்."

"அப்புறம்?"

"நீங்க எனக்காக ஒரு பொய் சொன்னீங்க. எனக்குப் பிடிக்கல... ஆனா பிடிச்சிருந்துச்சு. அதான் உங்களுக்காக நானும் ஒண்ணு சொன்னேன். வாழ்க்கையில இது ஒண்ணுதான். இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். முதல் நாள் மேலிருந்து கேட்ட அதே சிரிப்பு... இப்போது பக்கத்தில், தோளுயரத்தில். மழையில் நனைந்துபோன அவள் துப்பட்டா நுனியைப் பிழிந்துவிட்டான். அவள் முறைத்தாள். ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை.